பாமாயிலை எத்தனை முறை காய்ச்சலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டோடு முறுக்கும் தட்டுவடையும் போட்டு, தட்டுவடை செட் விற்கும் கடைகளுக்குக் கொடுக்கிறீர்கள். ஊற்றுவது பாமாயில். “ரீஃபைண்ட் எண்ணெயில் புற்றுநோய் நச்சு இருக்கிறது, காய்ச்சக் காய்ச்சக் கூடும், செக்கெண்ணெய்க்கு மாறுங்கள்” என்று ஒரு கடைக்காரர் வீடியோ அனுப்பியிருக்கிறார். மாறினால் கட்டுப்படியாகாது. ஆகவே ஒரே எண்ணெயை எத்தனை முறை காய்ச்சலாம் என்று ஒரு எண் வேண்டும். போகிற போக்கில், ஏற்காட்டில் பஜ்ஜி போடும் உங்கள் தங்கைக்கு மட்டும் எண்ணெய் சீக்கிரம் கறுக்கிறதே ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பாக்கெட்டில் வரும்போதே எண்ணெயில் இருக்கும் நச்சு ஒன்று, உங்கள் வடச்சட்டியில் உருவாவது இன்னொன்று, எண்ணெயில் இல்லாமல் மாவில் உருவாவது மூன்றாவது. அந்த வீடியோ மூன்றையும் ஒன்றாகக் கலக்கிவிட்டது. நீங்கள் கேட்காத நான்காவது ஒன்றும் உண்டு: அடுப்பு முன் நிற்பவர் இழுக்கிற புகை. உங்கள் வீட்டைப் பொறுத்தவரை அதைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

பாக்கெட் நச்சு உண்மைதான். 3-எம்சிபிடி எஸ்டர், கிளைசிடில் எஸ்டர் என்று இரண்டு. எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கடைசிக் கட்டத்தில் வாடை நீக்குவதற்காக வெற்றிடத்தில் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி நீராவி செலுத்துவார்கள். அந்தச் சூட்டில், மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் பழத்தோடு வந்த குளோரின் கொழுப்போடு சேர்ந்தால் முதலாவது உருவாகிறது. சூடு 230 டிகிரியைத் தாண்டும்போது டைகிளிசரைடு என்ற கொழுப்புத் துண்டுகளிலிருந்து இரண்டாவது உருவாவது வேகமெடுக்கிறது. பனைப் பழம் அறுவடையில் அடிபட்டதுமே அதன் கொழுப்பு உடையத் தொடங்கிவிடும். டைகிளிசரைடு அதில் இயல்பாகவே அதிகம். பாமாயிலுக்குக் கெட்ட பெயர் வந்தது இதனால்தான். வயிற்றுக்குள் போனதும் இந்த எஸ்டர்கள் உடைந்து 3-எம்சிபிடியாகவும் கிளைசிடாலாகவும் மாறுகின்றன. எலிகளில் முதலாவது சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. இரண்டாவது மரபணுவையே தாக்கக்கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கிளைசிடாலை 2ஏ பிரிவிலும் (மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் தரும்), 3-எம்சிபிடியை 2பி பிரிவிலும் (தரக்கூடும்) வைத்திருக்கிறது. இந்தப் பிரிவுகள் சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்பவை. எவ்வளவு சாப்பிட்டால் எவ்வளவு ஆபத்து என்பதை அவை சொல்லாது. இதை மறந்துவிட்டுத்தான் பாதி வீடியோக்கள் எடுக்கப்படுகின்றன.

அளவு தெரிய ஒரு கணக்குப் போடலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் திருத்திச் சொன்ன அளவுப்படி, வாழ்நாள் முழுவதும் தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் 3-எம்சிபிடி வரை உள்ளே போகலாம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 120 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் பாமாயிலுக்கு உச்சவரம்பு கிலோவுக்கு 2500 மைக்ரோகிராம். அந்த வரம்பின் விளிம்பில் இருக்கும் எண்ணெய் என்றே வைத்துக்கொண்டாலும், 48 கிராம் எண்ணெய் உள்ளே போனால்தான் அந்த 120 வருகிறது. 50 கிராம் முறுக்கில் எண்ணெய் ஏறக்குறைய 15 கிராம். பெரியவர் ஒருவர் மாலையில் நாலு முறுக்கு தின்பதால் கோடு தாண்டாது. ஆனால் 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதே கோடு 12 கிராம் எண்ணெயிலேயே வந்துவிடும். கிளைசிடாலுக்கு இப்படி ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்ற கோடே கிடையாது. மரபணுவைத் தாக்கும் பொருள் என்பதால் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்பதே நிலைப்பாடு. ஐரோப்பிய வரம்பும் அதற்குக் கடுமை: கிலோவுக்கு 1000 மைக்ரோகிராம். வீட்டில் நீங்கள் என்ன செய்தும் இந்த இரண்டையும் எண்ணெயிலிருந்து எடுக்க முடியாது. எலுமிச்சம்பழம் பிழிவது, புளி உருண்டை போட்டுக் காய்ச்சுவது எல்லாம் இதில் எடுபடாது. டின் கணக்கில் வாங்குகிறவர் நீங்கள், எனவே செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடையில் இந்த இரண்டுக்கும் ஆய்வறிக்கை உள்ள பிராண்ட் எது என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்பவர்கள் இருந்தால்தான் அறிக்கையும் வரும்.

“காய்ச்சக் காய்ச்சக் கூடும்” என்ற பகுதி அவ்வளவு உறுதியில்லை. முறுக்குச் சுடும் 170, 180 டிகிரியில் இந்த எஸ்டர்கள் உருவாவதும் அழிவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தொடர்ந்து பொரித்துப் பார்த்த சோதனைகள் பலவற்றில் அளவு மணிக்கு மணி குறைந்திருக்கிறது. மாவில் உப்பு இருந்த சோதனைகள் சிலவற்றில் 3-எம்சிபிடி ஏறியிருக்கிறது. உங்கள் மாவில் உப்பு உண்டு. அதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன், வியாபாரம் போய்விடும். பொரித்த பிறகு மேலே உப்புத்தூள் தூவும் பழக்கம் இருந்தால், அதைச் சட்டிக்கு மேல் வைத்துச் செய்யாதீர்கள்.

செக்கெண்ணெயில் வாடை நீக்கும் கட்டம் இல்லை, எனவே இந்த இரண்டு எஸ்டர்களும் அதில் மிகமிகக் குறைவு. அந்த ஒரு விஷயத்தில் வீடியோ சரி. ஆனால் சுத்திகரிப்பு இல்லை என்றால் கெட்டதும் அதில் நீங்காது. பூஞ்சணம் பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இருந்தால், சுத்திகரிப்பில் சேர்க்கும் காரமும் (அல்கலி) நிறம் நீக்கும் வெளுப்பு மண்ணும் பெரும்பகுதியை எடுத்துவிடும். செக்கில் அது அப்படியே எண்ணெயோடு இறங்கும். அஃப்ளாடாக்சின் 1-ஆம் பிரிவு: மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது உறுதியானது. எனவே செக்கெண்ணெய் வாங்கினால் என் முதல் கேள்வி செக்கு மரமா இரும்பா என்பதாக இருக்காது. கடலையைப் பொறுக்கி ஆட்டினார்களா என்பதாகத்தான் இருக்கும். இன்னொன்று, செக்கெண்ணெய் புகையத் தொடங்கும் சூடு குறைவு. செக்குக் கடலெண்ணெய் 160 டிகிரியை ஒட்டியே புகையலாம், சுத்திகரித்தது 220-க்கு மேல் தாங்கும். கசடு தெளியாத எண்ணெயும், எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டிய நல்லெண்ணெயும் இன்னும் சீக்கிரம் கறுக்கும். தாளிக்க, வதக்க, தோசைக்குச் செக்கெண்ணெய் அருமையானது. நாள் முழுக்க ஈடு ஈடாகச் சுடும் வேலைக்கு அது பொருந்தாது. நீங்கள் மாற வேண்டியதில்லை.

இனி உங்கள் சட்டி. சூடான எண்ணெயை மூன்று பேர் தாக்குகிறார்கள். மாவிலிருந்து வரும் தண்ணீர் கொழுப்பை உடைத்து அமிலமாக்குகிறது, அதனால் புகையும் சூடு இறங்கிக்கொண்டே போகிறது. காற்று எண்ணெயை ஆக்சிஜனேற்றம் செய்து ஆல்டிஹைடுகள் என்ற கேடான சேர்மங்களை உண்டாக்குகிறது. கண்ணைக் கரிக்கும் அக்ரோலின் என்ற ஆல்டிஹைடு கொழுப்பின் கிளிசரின் பகுதி சிதைவதாலும் வரும். கடைசியாக, சூடு கொழுப்பு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்துப் பிசினாக்குகிறது. சட்டி விளிம்பில் தேய்த்தாலும் போகாமல் பழுப்பாக ஒட்டியிருக்கிறதே, அதுதான் அந்தப் பிசின். ஆல்டிஹைடுகளில் அதிகம் கவலைப்பட வைப்பது 4-எச்என்இ. அது லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்திலிருந்து வருகிறது. சூரியகாந்தியில் அந்த அமிலம் பாதிக்கும் மேல். நல்லெண்ணெயில் 40 சதவீதத்துக்குச் சற்று மேல். கடலெண்ணெயில் 30 சதவீதம் அளவில். பாமாயிலில் 10 சதவீதத்தை ஒட்டி. தேங்காயெண்ணெயில் 2 சதவீதம்தான். பாமாயில் ஆலையிலிருந்து கொஞ்சம் அழுக்கோடு வந்தாலும் சட்டியில் நின்று தாங்குகிறது. சூரியகாந்தி ஆலையிலிருந்து ஓரளவு நன்றாக வந்து சட்டியில் சீக்கிரம் கெடுகிறது. இந்த ஆல்டிஹைடுகள் செல்களில் செய்யும் கேடு ஆய்வகத்தில் தெளிவாகத் தெரிகிறது. மனிதரில் எந்த நோயை எவ்வளவு கூட்டுகின்றன என்பதற்கு அந்த அளவு தெளிவான சான்று இல்லை. டிரான்ஸ் கொழுப்பு பற்றிய பயம் பெரும்பாலும் மிகை. அது முக்கியமாக வனஸ்பதியால் வந்தது. வீட்டுச் சூட்டில் மிகக் கொஞ்சமே உருவாகிறது.

கெட்டுப்போன அளவைச் சட்டம் ஒற்றை எண்ணால் அளக்கிறது: மொத்தத் துருவச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் சிதையச் சிதைய அதில் சேரும் பொருள்கள் எத்தனை சதவீதம் என்பது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று வைத்திருக்கிறது. ஆய்வாளர்கள் கையில் வைத்திருக்கும் கருவியின் முனையைச் சூடான எண்ணெயில் நனைத்தால் அரை நிமிடத்தில் இந்த எண் திரையில் வரும்.

கருவி இல்லாமல் கண்ணுக்குத் தெரிவது நுரை. புது எண்ணெயில் முறுக்கைப் போட்டதும் எழும் குமிழ்கள் பெரியவை, கண்ணாடி மாதிரி தெளிந்தவை. ‘சடசட’ என்று உடைந்து, ஈடு வேக வேக அடங்கிவிடும். கெட்ட எண்ணெயில் குமிழ் கடுகளவு, மஞ்சள் பாய்ந்து, சோப்பு நுரைபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விளிம்பை நோக்கி ஏறும். முறுக்கை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். ஜல்லிக் கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் எண்ணெய் சொட்டாமல் நூலாக இழியும். ஆறிய பின் பெயின்ட் வாடையோ சிக்கு வாடையோ வரும். மாவு போடும் முன்பே, வழக்கமான தீயில் புகை கிளம்பும். இவற்றில் இரண்டு தெரிந்தால் மறுபேச்சில்லாமல் இறக்கிவிடுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்: அதிரசம் ஒரு ஈடு போட்டாலே வெல்லத்தால் எண்ணெய் கறுக்கும், ஆனால் கெட்டிருக்காது. மறுபக்கம், இந்த அடையாளம் ஒன்றுகூடத் தெரியாமலே 25-ஐத் தாண்டுவதும் உண்டு. கண் கடைசிக் காவல்தான்.

ஆகவே “எத்தனை முறை” என்ற கேள்வியே சரியான அளவுகோல் இல்லை. மூன்று முறை என்று பரவலாகச் சொல்கிறார்கள். அப்பளம் பொரிக்கப் பத்து நிமிடம் காய்வதும் ஒரு முறைதான், தீபாவளி ஆர்டருக்கு ஆறு மணி நேரம் காய்வதும் ஒரு முறைதான். நீங்கள் எண்ண வேண்டியது அடுப்பு எரிந்த மணி நேரம். அதைவிட முக்கியம், அந்த நேரத்தில் எவ்வளவு எண்ணெய் தின்பண்டத்தோடு வெளியே போய், எவ்வளவு புதிது உள்ளே வந்தது என்பது. 10 கிலோ முறுக்கு இரண்டரையிலிருந்து மூன்று கிலோ எண்ணெயை எடுத்துக்கொண்டு போகும். சட்டியில் 3 லிட்டர் வைத்து, குறையக் குறைய ஊற்றி 10 கிலோ போட்டால், மாலையில் சட்டியில் இருப்பதில் காலையில் ஊற்றியது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். இதே 10 கிலோவை 10 லிட்டர் பிடிக்கிற அகலச் சட்டியில் போட்டால் முக்கால் பங்கு பழையதாகவே இருக்கும், காற்றுப் படும் பரப்பும் கூட. வாய் குறுகி ஆழமான, வேலைக்குத் தேவையான அளவே பிடிக்கிற வடச்சட்டி வாங்குங்கள். எண்ணெய்க்குச் செய்யக்கூடிய உதவிகளில் பெரியது இதுதான். பித்தளை, செம்புப் பாத்திரம் வேண்டாம். செம்பு எண்ணெயைச் சிக்கடிக்க வைக்கும்.

ஊற்றி ஊற்றிச் சுடலாம் என்றால், கெட்ட எண்ணெயில் புதிது கலந்து மீட்கலாமா என்று கேட்பீர்கள். கூடாது. 24 சதவீதம் வந்துவிட்ட 2 லிட்டரோடு, 5 சதவீதம் உள்ள புது எண்ணெய் அரை லிட்டர் சேர்த்தால் 20.2 சதவீதம். எண் இறங்கியது போலத் தெரியும். ஆனால் பழையதில் இருக்கும் அமிலமும் பெராக்சைடும் புதியதையும் வேகமாக இழுத்துக்கொண்டு போகும். நல்ல நிலையில் இருக்கும் எண்ணெயை ஊற்றிக் காப்பாற்றலாம், செத்ததை ஊற்றிப் பிழைக்க வைக்க முடியாது.

சூடு 165 முதல் 175 டிகிரிக்குள். 300 டிகிரி வரை காட்டும் கம்பி வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள், தீயைப் பார்த்துச் சொல்லும் கணக்கு எப்போதும் 20 டிகிரி முன்னே பின்னே போகும். 3 லிட்டருக்கு ஒரு ஈட்டில் அரை கிலோ மாவுக்கு மேல் வேண்டாம். கூடப் போட்டால் சூடு இறங்கி முறுக்கு எண்ணெய் குடிக்கும், நீங்கள் தீயைக் கூட்டுவீர்கள், அடுத்த ஈடு கருகும். இரண்டு ஈட்டுக்கு ஒருமுறை தூளை அரித்து எடுங்கள். கருகிய தூள்தான் எண்ணெயைக் கெடுக்கும் உள்ளூர் எதிரி. மாவு பிழிய நேரமானால் அடுப்பை அணையுங்கள், சும்மா காய்வதுதான் வீண் மணி நேரம். முடிந்ததும், சட்டியைத் தொட முடிகிற சூட்டில் மெல்லிய பருத்தித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, அடிக்கசடைத் தள்ளிவிட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். அடுத்த நாளே பயன்படுத்திவிடுங்கள்.

எண் கேட்டீர்கள். இப்படி வடிகட்டி, புதிது ஊற்றிக்கொண்டே வந்தால், பாமாயிலுக்கு மொத்தம் 8 முதல் 10 மணி நேரம் அடுப்பெரிந்ததும் மிச்சத்தை முழுக்க இறக்கிவிடுங்கள். சூரியகாந்திக்கு அதில் பாதி. இது உங்கள் சட்டியில் அளந்த எண் அல்ல, பாதுகாப்பாகக் குறைத்துப் போட்ட தொடக்கக் கணக்கு. ஒரு நோட்டில் மணியைக் குறித்துக்கொண்டு, இறக்கும் எண்ணெயை ஒருமுறை சோதித்தால் உங்களுக்கான எண் கிடைக்கும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, வாங்கிய உணவைக் கட்டணம் கட்டிப் பகுப்பாய்வு செய்துகொள்ளும் உரிமையைத் தருகிறது. அரசின் உணவுப் பகுப்பாய்வுக்கூடம் சேலத்திலேயே இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். இறக்கிய எண்ணெயைக் குறைந்த விலைக்குக் கேட்டு வரும் சில்லறை ஆட்களுக்குக் கொடுக்காதீர்கள், அது இன்னொரு சட்டிக்குத்தான் போகும். பயோடீசலுக்காகச் சேகரிக்கும் அங்கீகாரம் பெற்ற முகவர்கள் இருக்கிறார்கள். நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கப் பயன்படுத்துகிறவர்கள் அவர்களிடம் கொடுத்துக் கணக்கும் வைக்க வேண்டும் என்பது 2019 மார்ச் முதல் விதி. உங்கள் அளவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மாவில் உருவாவது அக்ரிலமைடு. உணவில் இது உருவாவதை 2002-இல் சுவீடனில் கண்டுபிடித்தார்கள். அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேல் சேரும்போது வருகிறது, எந்த எண்ணெயாக இருந்தாலும் வரும். பழுப்பு கூடக் கூட இதுவும் கூடும். பொன்னிறத்தில் எடுங்கள், அடுத்த ஈடு வரும்வரை சட்டியிலேயே விடாதீர்கள். உருளைக்கிழங்கு சிப்ஸும் போடுவதாக இருந்தால் கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் அதன் சர்க்கரை ஏறிவிடும். சீவியதை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, கழுவித் துடைத்துப் போடுங்கள்.

புகைக்கு வருகிறேன். அதிகச் சூட்டில் பொரிக்கும்போது கிளம்பும் ஆவியையே 2010-இல் வெளியிட்ட அறிக்கையில் அதே புற்றுநோய் அமைப்பு 2ஏ பிரிவில் வைத்தது. அதற்கு முக்கிய அடிப்படை, சிகரெட் தொடாத சீனப் பெண்களிடையே நுரையீரல் புற்றுநோயும் வாணலிப் புகையும் சேர்ந்து காணப்பட்ட ஆய்வுகள். உங்கள் முறுக்கை வாங்குபவர் நாலு தின்று போய்விடுவார், நீங்கள் அந்த ஆவிக்கு முன் நாளுக்கு ஆறு மணி நேரம் நிற்கிறீர்கள். அம்மாப்பேட்டை வரிசை வீட்டுச் சமையலறையில் ஒரு ஜன்னல் போதாது. அடுப்புக்கு நேர் மேலே, இரண்டரை மூன்றடி உயரத்தில் தகரக் கூண்டு அடித்து எக்ஸாஸ்ட் விசிறியோடு இணையுங்கள். எதிர்ச் சுவரில் காற்று உள்ளே வர வழி விடுங்கள், இல்லாவிட்டால் விசிறி சுற்றும், புகை நகராது. அடுப்பை முற்றத்துக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. துணி முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது.

கடைசியாக உங்கள் தங்கையின் பஜ்ஜி. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எண்ணெயின் சூடு மலை ஏறியதால் மாறாது, ஆனால் பஜ்ஜிக்குள் ஈரம் இருக்கும்வரை உள்ளே 95-ஐத் தாண்டாது, எனவே வாழைக்காயும் மிளகாயும் வேக நேரம் எடுக்கும். வேகவில்லையே என்று தீயைக் கூட்டினால் மேல்மாவு கருகி, தூள் உதிர்ந்து, எண்ணெய் கறுக்கும். செய்ய வேண்டியது நேர்மாறு. சேலத்தில் 175 வைத்தால் அங்கே 165 போதும். காயை மெல்லிசாகச் சீவி, ஒரு நிமிடம் கூட விட்டு எடுக்கச் சொல்லுங்கள். பெரிய மிளகாயைக் கீறி வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு, ஈரம் ஒட்டத் துடைத்து மாவில் தோய்த்தால் பாதி வேலை சட்டிக்கு வெளியிலேயே முடிந்துவிடும்.